பாதாம் மரத்துல பாதாம் காய்க்குமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சூப்பர் மார்க்கெட்ல 'ஆல்மண்ட் ஃப்ளேக்ஸ்'னு ஒரு பாக்கெட் வாங்கினேன், பிரிச்சா நம்ம பாதாமை மெல்லிசா சீவி வெச்சிருக்கான். எங்க ஸ்கூல்ல ஒரு பாதாம் மரம் இருந்துச்சே, அதுல காய்க்கறதும் இதுவும் ஒண்ணா?
வாசகி, தென்காசி

பதில்: இல்லீங்க. ஸ்கூல் கிரவுண்ட்ல அடுக்கடுக்கா கிளை விரிச்சு நிக்குமே, உதிர்றதுக்கு முன்னாடி இலையெல்லாம் செவசெவன்னு ஆயிடுமே, அது நாட்டு வாதுமை. கடுக்காய், தான்றிக்காய், மருதமரம் எல்லாம் அதுக்குப் பங்காளிங்க. கடை பாதாம் ரோஜா குடும்பம், பீச், பிளம்முக்குச் சொந்தக்காரன், பெரும்பாலும் கலிஃபோர்னியாவுல விளையறது, நம்ம நாட்டுல காஷ்மீர்ல. பேரு பாரசீகத்துல இருந்து வந்தது. பருப்போட சாயலைப் பாத்து நம்ம மரத்துக்கும் அதே பேரை ஒட்டிட்டாங்க, அவ்ளோதான். ஆனா கல்லால தட்டித் தட்டி, கையெல்லாம் கறையாக்கி, கடைசியில துளியூண்டு பருப்பு எடுத்துத் தின்னோமே, அந்த ருசி பாக்கெட்ல வராது, நான் அந்தக் கட்சி.

ஃப்ளேக்குக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை பத்தாது. சீவினா சீவல், வெத்தலையோட போடறோமே அதே சீவல். நெல்லை ஊற வெச்சு வறுத்து இடிச்சா அவல். தலையில இருந்து கொட்டினா பொடுகு. கார்ன்ஃப்ளேக்ஸ்கூட வேக வெச்ச மக்காச்சோளத்தை ரோலர்ல நசுக்கி வாட்டினதுதான், அவலுக்குச் சித்தப்பா பையன். இங்கிலீஷ்காரன் எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிட்டான்.

கேள்வி: மெல்போர்ன்ல படிக்கற பையன் 'நைட்டு ஃப்ளேக்கும் சிப்ஸும் சாப்பிட்டேன்'ங்கறான். பால் ஊத்தியா?
வாசகர், ஈரோடு

பதில்: அண்ணே, அது சுறா! அங்க மீனும் சிப்ஸும் விக்கற கடையில சின்ன சுறாவை மாவுல தோய்ச்சுப் பொரிச்சுத் தருவாங்க, அதுக்குத்தான் ஃப்ளேக்னு பேரு. பிரிட்டன்ல அதே பேரைச் சொன்னா காட்பரி சாக்லேட் வரும். நீங்க சைவம்னா இந்தப் பக்கத்தை அம்மா கண்ணுல படாம வெச்சுக்கங்க. அமெரிக்காவுலயோ 'இதோ வந்துடறேன்'னு சொல்லிட்டு வராம போறவன்தான் ஃப்ளேக். நாம கடுக்கா குடுத்துட்டான்னு சொல்லுவோமே, அந்த ஆளு. மேல பாதாம் மரத்துக்குப் பங்காளின்னு சொன்னேனே, அதே கடுக்காதான்!

கேள்வி: தொல்லியல் படிக்கற மகளோட நோட்டுல 'பாதாம் வடிவம், ஃப்ளேக்'னு இருக்கு. சமையல் குறிப்பா?
வாசகி, தாம்பரம்

பதில்: உங்க வீட்டுக்குப் பக்கத்து சமாச்சாரம்ங்க. 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட்ங்கற பிரிட்டிஷ் நிலவியல் அறிஞர் பல்லாவரத்துல ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தாரு, இந்தியப் பழைய கற்கால ஆராய்ச்சியே அங்கதான் தொடங்குச்சு. ஒரு முனை கூரா, மறுமுனை உருண்டையா இருக்கற கைக்கோடாரியைப் பாதாம் வடிவம்பாங்க. அதைச் செதுக்கும்போது தெறிக்கற சில்லு, ஃப்ளேக். திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்துல ஏறக்குறைய 3,85,000 வருஷத்துக்கு முன்னாடியே ஆளுங்க பெரிய கோடாரிய மெல்ல மெல்ல விட்டுட்டு, சில்லு எந்த வடிவத்துல தெறிக்கணும்னு முதல்லயே கணக்குப் போட்டு, கல்லைத் தயார் பண்ணி அடிச்சு, அந்தச் சில்லையே கருவியா வெச்சுக்கிட்டாங்க.