ஒரு புரொஜெக்டரும் நாற்பது பிள்ளைகளும்

பி.எட். பயிற்சியில் மின்சுற்றுப் பாடத்தை பிபிடி போட்டு நடத்தினீர்கள், பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள், "இது மாணவர் மையக் கற்பித்தலே இல்லை" என்று மேற்பார்வையாளர் எழுதிவிட்டார் என்கிறீர்கள். வருத்தம் புரிகிறது, ஆனால் அவர் சொன்னது சரிதான். கரும்பலகையில் இருந்தது திரைக்குப் போயிருக்கிறது, அவ்வளவே.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையதளத்தில் மின்சுற்று அமைத்துப் பார்க்கும் செயலி இலவசம். முந்தைய நாளே மடிக்கணினியில் இறக்கிவையுங்கள், இணையம் இல்லாமலும் ஓடும். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, "ஒன்றைக் கழற்றினால் மற்றது எரியுமா?" என்று கேளுங்கள். விடையைக் காட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசி நோட்டில் எழுதட்டும். அப்புறம் ஒரு மாணவியிடம் மவுஸைக் கொடுத்துவிட்டு நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுங்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, கை தானாக மவுஸுக்குப் போகும்!

யார் என்ன நினைக்கிறார் என்று அறிய பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலி போதும். பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம். அச்சிட்ட அட்டையை விடைக்கேற்பத் திருப்பிப் பிடித்தால் உங்கள் போன் கேமரா படித்துவிடும்.

பாடக்குறிப்பையும் எடுத்துப் பாருங்கள். மாணவர் செயல்பாடு கட்டத்தில் "கவனிக்கின்றனர்" என்று எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள்?