எட்டு மாதமாக விற்காத வீடு: தங்கக் காசு கொடுத்தால் ஆள் வருமா?

கேள்வி: கிழக்கு தாம்பரத்தில் அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) எங்கள் வீடு இருக்கிறது. 2003 ஆகஸ்டில் 4 லட்சத்துக்கு மனை வாங்கி, அடுத்த ஆண்டு 10 லட்சத்தில் கீழ்த்தளம் கட்டினோம். 2012-இல் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி, 3 லட்சத்தில் மாடியில் ஒரு அறை போட்டோம். அந்த அறைக்கு அப்ரூவல் வாங்கவில்லை. கடன் 2019-இல் முடிந்துவிட்டது. நான் ஓய்வு பெற்றவன். மகனோடு கோவையில் இருக்கப்போவதால் வீட்டை 98 லட்சத்துக்கு விலை சொல்லி எட்டு மாதம் ஆகிறது. தெருவில் இதே அளவு வீடுகள் 88, 90 என்று போயிருக்கின்றன. நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் "வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறோம்" என்று நகல்களை வாங்கிப்போனார்கள், திரும்பி வரவில்லை. 3 லட்சத்துக்கு மாடுலர் கிச்சன் போடலாம் என்கிறார் தரகர். வாங்குபவருக்குத் தங்கக் காசு பரிசு என்று விளம்பரம் கொடுக்கலாம் என்கிறார் நண்பர். எது பலிக்கும்?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் கவனிக்கவேண்டிய வரி, வக்கீலிடம் போனவர்கள் திரும்பவில்லை என்பதுதான். வீடு பிடிக்காதவர் நகல் கேட்கமாட்டார். பிடித்துப்போனவர்களை ஆவணத்தில் ஏதோ ஒன்று விரட்டியிருக்கிறது.

முதலில் tnreginet என்று இங்கே எல்லோரும் சொல்லும் பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கு 30 வருட வில்லங்கச் சான்று (ஈசி) போட்டுப் பாருங்கள். 2012-இல் பத்திரத்தை வங்கியில் வைத்தபோது எம்ஓடி என்ற ஒப்படைப்பு ஆவணம் பதிவாகியிருந்தால், அது ஈசியில் இன்னமும் கடனாகவே நிற்கும். வங்கி கொடுத்த 'கடன் பாக்கி இல்லை' கடிதம் உங்கள் பீரோவில் இருந்தாலும் ஈசிக்கு அது தெரியாது. வங்கியின் கையெழுத்து அதிகாரம் உள்ள அலுவலர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் கடன் முடிந்தது என்று ஈசியில் ஏறும். செலவு பெரிதல்ல. அந்த அலுவலரின் தேதி கிடைப்பதுதான் இழுக்கும். எனவே இந்த வாரமே கிளைக்கு எழுத்தில் கொடுங்கள். பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கிறதா, சொத்து வரியும் மின் இணைப்பும் அதே பெயரில் அதே எழுத்துகளோடு இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் கிடக்கும் வீடுகள் ஊரில் ஏராளம்.

இது முடிந்ததும் உங்கள் செலவிலேயே ஒரு வக்கீலிடம் சட்டக் கருத்தும், வங்கிப் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரிடம் மதிப்பீட்டு அறிக்கையும் வாங்கிக் கோப்பாக வைத்துவிடுங்கள். வாங்குபவரின் வங்கி தன் ஆட்களை வைத்து மறுபடியும் பார்க்கும்தான். ஆனாலும் அவருக்கு முதல் நாளே பாதி பயம் போய்விடும். தங்கக் காசு செய்யாத வேலையை இந்தக் கோப்பு செய்யும்.

கோப்பை வீட்டுக்கு வந்து பார்த்தவர்களிடம் மட்டும் காட்டுங்கள். பத்திரம், பட்டா, ஆதார் நகல்களை விளம்பரத் தளங்களிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ போடக்கூடாது. ஆள்மாறாட்டத்துக்கு அதுவே போதும். நகல் கொடுத்தால் "பார்வைக்கு மட்டும்" என்றும் வாங்குபவர் பெயரும் தேதியும் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

மாடி அறை விஷயத்தை மறைக்காதீர்கள். மதிப்பீட்டாளர் அப்ரூவல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டை அளப்பார். அதில் இல்லாத அறையைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்கமாட்டார். வங்கி கடன் கொடுப்பது, ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான். 90 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டு, மதிப்பீடு 86 என்று வந்தால், 4 லட்ச ரூபாய் வித்தியாசம் முழுக்க வாங்குபவர் கையிலிருந்து போகவேண்டும். அட்வான்ஸ் கொடுத்தபிறகு இது தெரியவந்தால் சண்டைதான். ஆகவே அந்த அறைக்கு விலை சொல்லாமல், "கூடுதல் அறை, அப்ரூவலில் இல்லை" என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்து விலை. இணையத்தில் தேடுபவர் "90 லட்சம் வரை" என்று வரம்பு வைத்தால் 98 லட்ச வீடு அவர் கண்ணிலேயே படாது. நீங்கள் பேரம் பேசி 90-க்கு இறங்கத் தயாராக இருப்பது அந்தத் தளத்துக்குத் தெரியாதல்லவா? 90 என்றே போடுங்கள். 8 லட்சம் நஷ்டம் என்று தோன்றினால் இதையும் பாருங்கள்: 90 லட்சத்துக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 52,500 ரூபாய். எட்டு மாதத்தில் 4.2 லட்சம் ஏற்கெனவே போயாகிவிட்டது.

இனி சலுகை. வாங்குபவரை இழுக்க ஏதாவது கொடுக்கத்தான் வேண்டுமென்றால், அவருக்கு எங்கே கை கடிக்கிறதோ அங்கே கொடுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு, சொத்து மதிப்பில் 80 சதவீதம். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 90 லட்ச வீட்டுக்குக் கடன் 72 லட்சம் கிடைத்தால், கைக்காசு 18 லட்சமும் பதிவுச் செலவு 8.10 லட்சமும் சேர்ந்து 26.10 லட்சம் வேண்டும். சம்பளக்காரக் குடும்பங்கள் திணறும் இடம் இதுதான்.

நீங்கள் 2 லட்சம் விலையைக் குறைத்து 88 என்றால், கடன் 70.40 ஆகிவிடும். கைக்காசு 17.60, பதிவு 7.92, மொத்தம் 25.52 லட்சம். உங்களுக்கு 2 லட்சம் போயும் அவருக்குக் கையில் மிச்சம் வெறும் 58,000. அதற்குப் பதில் விலை 90-லேயே இருக்க, "பதிவுச் செலவில் 2 லட்சம் எங்களுடையது" என்று சொன்னால் அவருக்குத் தேவை 24.10 லட்சமாக இறங்கும். விளம்பரத்தின் முதல் வரியில் இதைப் போடுங்கள். இந்தச் சலுகையை விற்பனை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதி, வாங்குபவரின் வங்கிக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உங்கள் வரிக் கணக்கில் இதை விற்பனைச் செலவாகக் காட்டலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கமாக வாங்குபவருக்கு இந்தச் சலுகையும் விலைக் குறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவரிடம் நேராக விலை பேசுங்கள்.

மாடுலர் கிச்சனுக்கு வருவோம். 20 வயது வீட்டை வாங்குபவர் சமையலறையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றத்தான் போகிறார். உங்கள் 3 லட்சம் குப்பையில் போகும். செலவை விலையில் அரை சதவீதத்துக்குள், அதாவது 45,000 ரூபாய்க்குள் நிறுத்துங்கள். அதில் முதல் செலவு ஓதம். சுவரில் பெயின்ட் உப்பியிருந்தால் மேலே பட்டி பார்த்து அடிக்காதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்வரை பட்டி உதிரும், மறைக்கப் பார்த்தது தெரிந்ததும் வந்தவர் நம்பிக்கை போகும். மொட்டை மாடித் தட்டோடு விரிசல், குளியலறைக் குழாய் இணைப்பு, ஜன்னல் மேல் சன்ஷேடு ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்துதான் பொதுவாக ஈரம் வரும். அதை அடைத்து, சுவரைச் சுரண்டி நன்றாகக் காயவிட்டு, பிறகு பிரைமர், பெயின்ட். மிச்சப் பணத்தில் ஒழுகும் குழாய்களை மாற்றுங்கள், சம்ப்பும் மேல்தொட்டியும் கழுவுங்கள், எல்லா அறைகளுக்கும் ஒரே நிற பல்பு போடுங்கள்.

தாம்பரம் பக்கம் வீடு பார்க்க வருபவர் வாய்விட்டுக் கேட்பது இரண்டு: தண்ணீர் எப்படி, மழைக்குத் தெருவில் நிற்குமா? இரண்டுக்கும் சாட்சியம் தயார் செய்தால் எந்த விளம்பரமும் அதற்கு ஈடாகாது. போர் தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்து அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு இந்தியத் தரநிலை ஏற்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை. உங்கள் எண் 900 என்று வந்தாலும் மறைக்கவேண்டாம், சுத்திகரிப்பு இயந்திரத்தை வீட்டோடு விட்டுவிட்டால் போதும். போரின் ஆழம், எந்த வருடம் போட்டது, கோடையில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை பெய்யும்போது தெருமுனையிலிருந்து வாசல்வரை நடந்தபடி ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். தண்ணீர் நின்றால் எத்தனை அங்குலம், எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதையும் சொல்லுங்கள். எப்படியும் அவர் எதிர்வீட்டில் விசாரிப்பார்.

படங்கள் காலை 8 முதல் 10 மணிக்குள், விளக்கெல்லாம் போட்டு, போனைப் படுக்கைவாட்டில் நெஞ்சு உயரத்தில் பிடித்து எடுங்கள். அகலக் கோணத்தில் எடுத்தால் பத்தடி அறை மண்டபம் மாதிரி தெரியும். நேரில் வந்தவர் ஏமாந்து திரும்புவார். பன்னிரண்டு படம் போதும். தெரு அகலம், சம்ப், மொட்டை மாடி கட்டாயம் இருக்கட்டும். அறை அளவுகளோடு கையால் போட்ட ஒரு வரைபடமும் சேர்த்தால் வீண் அழைப்புகள் பாதியாகும்.

யாரிடம் சொல்வது? முதலில் பக்கத்து மனைக்காரர். உங்கள் அரை கிரவுண்டு வேறு யாருக்கும் வெறும் அரைதான். அவருக்கு அது முழு கிரவுண்டாகிறது. பிறகு அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள், விமானப்படை நிலையம், மெப்ஸ் ஏற்றுமதித் தொழில் வளாகம், சுற்றியுள்ள கல்லூரிகளில் வேலை செய்பவர்கள். தரகருக்கும் கோப்பின் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுங்கள், கமிஷனை முன்பே பேசி முடித்துவிடுங்கள். வருபவர்களை ஒரே ஞாயிறு காலையில் அரை மணி இடைவெளியில் வரச்சொன்னால், வெளியே போகிறவர் உள்ளே வருகிறவரைப் பார்ப்பார். "நிறையப் பேர் கேட்கிறார்கள்" என்று நீங்கள் பொய் சொல்லவேண்டியதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் பலர் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள், ஆனால் பார்த்து வைப்பார்கள். அந்த மாதங்களில் விளம்பரத்தை நிறுத்தாதீர்கள். ஆவணியிலும் தையிலும் பேச்சு முடியும்.

வரியை முன்கூட்டியே கணக்கிட்டால்தான் எதுவரை இறங்கலாம் என்று தெரியும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் உங்களுக்கு இரண்டு வழி உண்டு: பணவீக்கத்தைப் பார்க்காமல் லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது செலவைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி மீதி லாபத்தில் 20 சதவீதம். 90 லட்சத்துக்கு விற்றால் லாபம் 73 லட்சம், அதில் 12.5 சதவீதம் 9.13 லட்சம். 2025-26-க்கான பணவீக்கக் குறியீடு 376-ஐ வைத்துப் பார்த்தால் உங்கள் 17 லட்சச் செலவு சுமார் 52.7 லட்சமாகிறது, மீதி லாபத்தில் 20 சதவீதம் 7.46 லட்சம். உங்களுக்கு இரண்டாவது வழி லாபம். இவற்றின் மேல் வரும் செஸ் போன்ற கூடுதல் வரிகள் தனி. கட்டுமான ரசீதுகளைத் தேடி எடுங்கள். கோவையில் இரண்டு ஆண்டுக்குள் வீடு வாங்கினால் இந்த வரி குறையலாம், இல்லாமலும் போகலாம்.

வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 90,000 ரூபாய் டிடிஎஸ் (உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடித்துத்தான் பணம் தருவார். உங்கள் பான் ஆதாரோடு இணையாமல் முடங்கியிருந்தால் அந்தப் பிடித்தம் 20 சதவீதம் ஆகிவிடும்; விளம்பரம் கொடுக்குமுன் அதைச் சரிபாருங்கள். அட்வான்ஸை 20,000 ரூபாய் அல்லது அதற்குமேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் வாங்குங்கள்.