பார்த்து வாசிக்கிற செபம்

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலையில் அங்கிலிக்கன் (இங்கிலாந்துச் சபை) குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முதல் கத்தோலிக்கத்தில் சேர்ந்தேன், விரும்பித்தான். போன வருடம் லண்டனில் அக்கா வீட்டில் நின்றபோது அங்கிலிக்கன் மரபோடு கத்தோலிக்கத்துக்கு வந்தவர்களின் 'ஓர்டினரியேட்' பூசைக்குப் போனேன். பாப்பரசரின் கீழுள்ள பூசைதான். ஆனால் அவர்கள் முழங்காலில் நின்று சொன்ன செபங்கள் என் அம்மாவின் ஜெபப் புத்தகத்தில் இருந்தவை. 'உமது மேசையின் கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல' என்ற இடத்தில் அழுதுவிட்டேன். ஊருக்கு வந்த பிறகு நம் கோயிலின் கீபோர்டும் கைதட்டலும் வெறுப்பாக இருக்கின்றன. என் கணவரோ, "பார்த்து வாசிக்கிற செபத்தில் என்ன பக்தி?" என்று பகிடி பண்ணுகிறார். நான் செய்வது துரோகமா? இங்கேயும் அப்படியொரு பூசை வேண்டுமென்று ஆயரிடம் கேட்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்த கிழமை நானும் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பழைய ஆங்கிலேயச் சேமக்காலையைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். 1852இல் பர்மாவில் செத்த ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரினை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். (அவருடைய அக்கா ஜேன் ஒஸ்ரின் யாரென்று நாவல் வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) அந்தக் குழிக்கு மேல் நின்று என்ன வாசித்திருப்பார்கள் என்று தேடப்போய், 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின் அடக்க ஆராதனையில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஏச்சு. கீபோர்ட் எனக்கும் பிடிக்காது. அதற்காக வெறுப்பு என்று எழுதுவீர்களா? பாலையூற்றில் லூர்து மாதாவிடம் வெறுங்காலோடு வந்து நிற்கிற சனத்துக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். மாறி வந்தவர்களில் சிலருக்கு, புகுந்த வீட்டுக் கறிக்கு உப்புப் பார்க்கிற வியாதி உண்டு. உங்களுக்கு வேண்டாம்.

துரோகமா என்று கேட்டதை விடுங்கள். அங்கிலிக்கன் குழுக்கள் தங்கள் வழிபாட்டு மரபோடே வரலாமென்று 2009இல் பதினாறாம் பெனடிக்ட் கதவைத் திறந்துவிட்டார். 2015 திருவருகைக் காலத்திலிருந்து அவர்களுக்கென்று தனிப் பூசைப் புத்தகமே இருக்கிறது. பாப்பரசருக்கு வராத சந்தேகம் உங்களுக்கு எதற்கு?

நீங்கள் அழுத அந்தச் செபம் இருக்கிறதே, அது 1548இல் வந்தது. ஆக்கியவர் அங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தைத் தொகுத்த கன்ரபரிப் பேராயர் தோமஸ் கிரான்மர். 1556இல், கத்தோலிக்க அரசி மேரியின் காலத்தில், அவரை ஒக்ஸ்போர்டில் உயிரோடு எரித்தோம். எரித்தோம் என்றே எழுதுகிறேன், நானும் கத்தோலிக்கன். இன்றைக்கு அவருடைய செபம் றோமின் அங்கீகாரத்தோடு நம் பீடத்துக்கு முன்னால் சொல்லப்படுகிறது. உங்களுக்கு வந்த அழுகை எனக்கு வரவில்லை. வெட்கம் வந்தது.

இனி உங்கள் கணவரின், அந்தத் தம்பியின் பகிடி. பார்த்து வாசித்தால் பக்தி இல்லையாமா? ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணைக்கு முதல் 'ஆண்டவரே, நான் தகுதியற்றவன்' என்கிறாரே, அது அவர் யோசித்துச் சொன்னதா? கப்பர்நாகூமில் ஒரு றோமப் படைத்தலைவன் சொன்னது. துணிக்கைச் செபமும் அப்படித்தான், சுவிசேஷத்தில் ஒரு புறசாதிப் பெண் சொன்ன மறுமொழியிலிருந்து எடுத்தது. சிலுவையில் தொங்கியவரே 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கத்தினார். அந்த நேரத்தில் புதிதாக ஒன்றை ஆக்கிச் சொல்ல அவருக்குத் தெரியாமலா? மைக்கைப் பிடித்துச் சொந்த வார்த்தையில் செபிக்கிறவர்களையும் கவனித்திருக்கிறேன். நாலாம் கிழமையே அவர்களுக்கும் ஒரு பாடம் உண்டாகிவிடும். எழுதிவைக்காத பாடம், அவ்வளவுதான். எழுதியிருந்தால் யாராவது திருத்தியாவது இருப்பார்கள்.

எண்பதுகளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் செத்தான். எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. ஊரடங்கு. பாதர் வர வழியில்லை. இருட்டுமுதல் அடக்கம் பண்ணவேண்டும். பெடியனின் மாமா செபம் சொல்லத் தொடங்கினார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை" என்றவருக்கு அதற்கு மேல் வரவில்லை. திரும்பவும் அதையே சொன்னார். அப்போது எதிர்வீட்டு அங்கிலிக்கன் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் ஜெபப் புத்தகத்தை விரித்தார். 'ஸ்திரீயினிடத்தில் பிறந்த மனுஷன் வாழ்நாள் குறுகினவனும் சஞ்சலம் நிறைந்தவனுமாயிருக்கிறான்.' பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற அதே குரல். தழதழப்பு இல்லை, அவசரம் இல்லை. அதுவரை மரம்மாதிரி நின்ற தாய் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மாமாவுக்குத் திக்கிப்போன இடத்தைப் புத்தகம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, 'வாழ்வின் நடுவிலே மரணத்தில் இருக்கிறோம்' என்று. இந்த வரியும் கிரான்மரின் சொந்தச் சரக்கு இல்லை. மத்திய காலத்து லத்தீன் பாட்டு அது, நம்முடையது. நம்மிடமிருந்து போய், அங்கிலிக்கன் புத்தகத்தில் குடியிருந்து, ஊரடங்கு வேளையில் ஒரு கத்தோலிக்கத் தாயிடம் திரும்பி வந்திருக்கிறது. மாஸ்டர் அன்றைக்குச் சொந்த வார்த்தையில் செபித்திருந்தால் மாமாவைப் போலத்தான் நின்றிருப்பார்.

ஆயரிடம் கேட்கலாம், கிடைக்காது. இங்கிலாந்து, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா என்று மூன்று ஓர்டினரியேட்டுகள்தான் இருக்கின்றன. எல்லாம் குழுவாக வந்தவர்களுக்காக உண்டானவை. நீங்களோ தனி ஆள். அங்கிலிக்கன் கோயிலில் மாலை ஆராதனை எப்போது என்று விசாரித்துப் போங்கள். நற்கருணை இல்லாத ஆராதனைக்குப் போக நமக்குத் தடை கிடையாது. பழைய மடங்களின் அந்திச் செபத்தையும் இராச் செபத்தையும் ஒன்றாக்கி அமைத்தது அது. மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும் ஒரே இருப்பில் கிடைக்கும். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே முழங்காலில் நிற்கச் சொன்னால் முறைப்பார், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.