ஒலி அடங்கும் நேரம்

அன்புள்ள அண்ணன்,

இசைக்குழு நடத்துநர் செலிபிடாக்கே பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து, 1993-ல் மியூனிக்கில் அவர் நடத்திய, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ப்ரூக்னரின் எட்டாவது சிம்பொனியை இரண்டு இரவாகக் கேட்டேன். பலர் 80 நிமிடத்தில் முடிப்பதை இவர் 100 நிமிடத்துக்கு மேல் இழுக்கிறார். போதாததற்கு இருமல் சத்தம் வேறு. மற்றவர்கள் ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிந்தது இருக்கும்போது இது எதற்கு?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

கானாடுகாத்தானில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். தெருவில் தோடி ராகத்தைப் பொழிந்துகொண்டு வந்த நாதஸ்வரக்காரர் வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்குள், வந்து உட்கார்ந்தார். கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு. தெருவில் வாசித்த அதே வேகத்தில் ஒரு பிருகாவை, விரைந்தோடும் ஸ்வரச் சரத்தை, விட்டார். ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிட்டன. சீவாளியை வாயிலிருந்து எடுத்து, ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பஞ்சமத்தைப் பிடித்து, விட்டு, அது இரண்டாம் கட்டுவரை போய் அடங்கட்டும் என்று காத்திருந்துதான் அடுத்ததைத் தொட்டார். தவில்காரரும் கையைத் தாழ்த்திக்கொண்டார். அதை இழுவை என்று யாரும் சொல்லவில்லை.

செலிபிடாக்கே சொன்னதும் ஏறக்குறைய இதுதான். வேகம் என்பது தாளில் எழுதிய எண் இல்லை. அந்தக் கூடத்தில், அந்த நேரத்தில், ஒலி எவ்வளவு அடர்த்தியாக எழுகிறதோ அதைக் காது வாங்கிக்கொள்ளும் நேரம். அதனால்தான் தன் வாழ்நாளில் பெரும்பகுதி இசைத்தட்டு வெளியிடவே மறுத்தார். நாம் கேட்பவை பெரும்பாலும் கச்சேரிகளில் பதிவானவை. 1996-ல் அவர் இறந்த பிறகு குடும்பத்தார் சம்மதித்து மியூனிக் பதிவுகள் வந்தன. இருமல் அந்த அரங்கத்து மனிதர்களுடையது. எனக்கு அது உறுத்தியதே இல்லை.

எல்லாவற்றிலும் இந்த நிதானம் சரி என்று சொல்ல மாட்டேன். பீத்தோவனில் எனக்கு ஒட்டவில்லை. ப்ரூக்னர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நிறுத்திவிட்டு ஒலி அடங்கக் காத்திருப்பது அவர் எழுத்திலேயே இருக்கிறது. அங்கே ஒட்டுகிறது. நான்காவது சிம்பொனியின் கடைசிச் சில நிமிடங்களைக் கேளுங்கள். மற்றவர்களிடம் பனிமூட்டம்போலக் கடந்துபோகும் தந்திவாத்தியங்கள் செலிபிடாக்கேயிடம் ஒவ்வொரு வில்வீச்சும் தனித்தனியாக, நடை தளராமல் வருகின்றன. அதன்மேல் பித்தளை வாத்தியங்கள் மெல்ல மெல்ல ஏறும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

எட்டாவதை இரண்டு இரவாகப் பிரிக்காதீர்கள். ஒரே மூச்சில் உட்காருங்கள். ஸ்பீக்கரை வளவில் வைக்க வேண்டாம். அந்த அரங்கின் ஒலியும் உங்கள் வீட்டு எதிரொலியும் சேர்ந்து குழப்பும். மெத்தை, ஜமுக்காளம் அடுக்கியிருக்கும் சின்ன அறை இருக்குமே, அங்கே வையுங்கள்.