இறப்பு பற்றிய ஆய்வுகளில் ‘ஆபத்துக் காரணி’ என்றால் என்ன?

நோயோ இறப்போ நேரும் வாய்ப்பைக் கூட்டுகிற பழக்கம், உடல்நிலை, சூழல் எதுவும் ஆபத்துக் காரணியே. புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், காற்று மாசு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தனியொருவரின் வாழ்வைப் பார்த்து இதை அறிய முடியாது என்பதால்தான் ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். பிரிட்டனில் 1951-இல் மருத்துவ ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் மருத்துவர்களிடமே புகைப்பழக்கம் பற்றிக் கேட்டுத் தொடங்கிய ஆய்வு அரை நூற்றாண்டு நீடித்தது; தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்தார்கள் என்பதையும், 30 வயதையொட்டி நிறுத்தியவர்கள் அந்த இழப்பை ஏறத்தாழ முழுமையாகத் தவிர்த்தார்கள் என்பதையும் அது காட்டியது. ஆபத்துக் காரணியை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: மழையில் நனைந்த சாலையில் வேகமாக வண்டி ஓட்டுகிற எல்லோரும் விழுவதில்லை, ஆனால் விழுபவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. எனவே, 90 வயது வரை புகைத்தும் நலமாக இருந்த ஒருவரைக் காட்டி ஆய்வே தவறு என்று கூறுவது பொருந்தாது.