டெல்டாவில் ஆளே இல்லையா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், பயிற்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் பகுதியின் வேலை, பயிற்சி, ஆள் கிடைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தஞ்சாவூர்: பட்டறை தொடங்கப் போகிறேன். இங்கே எத்தனை வெல்டர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்கு எங்கே கிடைக்கும்?

ஒரே இடத்தில் கிடைக்காது தம்பி. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை நம்பி இறங்காதீர்கள், சிங்கப்பூரில் இருப்பவரும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டுதான் இருப்பார். பக்கத்து ஐ.டி.ஐ.களில் முடித்துப் போனவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொருவராகப் போன் போடுங்கள். இப்போது எங்கே இருக்கிறார், என்ன சம்பளம், எவ்வளவு கொடுத்தால் ஊருக்கு வருவார், இவ்வளவு கேட்டால் போதும். வருகிறவரிடம் இரண்டு தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டச் சொல்லி, ஆறியதும் வளைத்துப் பாருங்கள். மேலே அழகாக இருக்கும் பற்றவைப்பு அடியில் விரிசல் விட்டால் அவருக்கு இன்னும் பயிற்சி வேண்டும். சான்றிதழை எண்ணாதீர்கள், கையை எண்ணுங்கள்.

நீடாமங்கலம்: நடவுக்கு ஆளே இல்லை, மேற்கு வங்கத்திலிருந்து வந்து நடுகிறார்கள். நூறு நாள் வேலைதான் கெடுத்தது. சரிதானே?

சரியில்லை அண்ணே. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் தண்ணீர் வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் நடவுக்கு இறங்குகிறீர்கள். அந்தச் சில வாரங்களுக்கு எந்த ஊரிலும் ஆள் போதாது. முன்பு மட்டும் ஆள் எப்படிக் கிடைத்தது? நட்ட அதே பெண்களுக்குக் களை இருந்தது, அப்புறம் அறுப்பு, கட்டு, களத்தடி, கூலியாக வீட்டுக்கு நெல். அறுவடை இயந்திரம் வந்து அந்த நெல் நின்றது. வருஷத்துக்குச் சோறு போட்ட வேலை போனபின், நடவுக்கு மட்டும் காத்திருக்க யாரால் முடியும்? திருப்பூருக்குப் போய்விட்டார்கள். நூறு நாள் வேலை நிற்க வேண்டும் என்று கேட்பதைவிட, நடவு இல்லாத மாதங்களில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டி: கூலியைக் கூட்டினால் எல்லாரும் வருவார்கள். இதற்கு ஏன் இத்தனை விளக்கம்?

கூலி உயர வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இருபது நாள் கூலியை இரட்டிப்பாக்கினாலும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவது மாதச் சம்பளம்தான்.

பட்டுக்கோட்டை: துபாய் வேலைக்கு ஏஜெண்ட் இரண்டு லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். உரிமம் பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதோடு. உரிமம் உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது.

கும்பகோணம்: கத்தாருக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள்...

பட்டுக்கோட்டைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மயிலாடுதுறை: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. ஐ.டி.ஐ. சேர்ந்தால் மாநில அரசின் புதுமைப் பெண் திட்டப் பணம் வராதாமே?

வரும் அம்மா, மாதம் 1,000 ரூபாய். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. தைரியமாகச் சேருங்கள்.

திருவாரூர்: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்தபின் இங்கே தொழிற்சாலையே வராதே?

2020 சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றை. அரிசி ஆலையையோ உணவு பதப்படுத்துவதையோ அல்ல. உணவு பதப்படுத்துவதற்கான தேசிய நிறுவனமே தஞ்சாவூரில் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

தஞ்சாவூர்: டைடல் பூங்காவில் என் பையனுக்கு வேலை கிடைக்குமா?

ஐ.டி. எனக்குத் தெரியாது. அவன் கல்லூரி வேலைவாய்ப்பு அதிகாரியைக் கேளுங்கள்.

நாகப்பட்டினம்: குவைத் ஏஜெண்ட்...

30,000. ரசீது. உரிமம். அதற்கு மேல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

நீடாமங்கலம் மறுபடி: அப்படியானால் நடவு இயந்திரம்தான் வழியா?

ஒரு வழி. அதற்குப் பாய் நாற்றங்கால், அதாவது பாய்போல் சுருட்டி எடுக்கும்படி வளர்த்த நாற்று வேண்டும், இரண்டு வார நாற்று, பாய் பிய்யாமல் சுருட்டி எடுக்கத் தெரிந்த கை வேண்டும். அதை உங்கள் ஊர் மகளிர் குழு விலைக்கு வளர்த்துத் தரலாம். ஓட்டவும் பழுது பார்க்கவும் இரண்டு பையன்களை இப்போதே பயிற்சிக்கு அனுப்புங்கள், ஜூனில் தேடாதீர்கள். நடவு முடிந்த மாதங்களிலும் அவர்களுக்குச் சம்பளம் யார் தருவது என்பதை ஊரில் உட்கார்ந்து பேசிவிட்டு அனுப்புங்கள்.