ராத்திரி கார் ஓட்டும்போது கண் சொக்குகிறது. தூக்கம் வராமலிருக்க மாத்திரை உண்டா?

கேள்வி: எனக்கு வயது 43, எடை 96 கிலோ. தாம்பரத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். வரும் செவ்வாய்க்கிழமை ஊரில் அம்மன் கோயில் கொடை. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து, இரவு 10 மணிக்குக் காரில் கிளம்ப நினைக்கிறோம். ராத்திரி என்றால் டிராஃபிக் குறைவு, வெயிலும் இல்லை. ஓட்டுவது நான் மட்டும்தான். 3 மணிக்கு மேல் கண் சொக்குகிறது. போன தடவை வண்டி ஓரக் கோட்டைத் தாண்டிவிட்டது; மனைவி சத்தம் போட்டதால் தப்பித்தோம். நான் பலமாகக் குறட்டை விடுவதாகவும், நடுநடுவே மூச்சு நின்று வருவதாகவும் அவர் சொல்கிறார். அப்பாவுக்கு 70 வயது. சர்க்கரைக்கு காலை, இரவு இன்சுலின்; பிரஷருக்கு நீர் மாத்திரையும் உண்டு. 8 வயது மகளுக்குக் கார் என்றாலே வாந்தி. தூக்கம் வராமலிருக்க மாத்திரை ஏதும் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். விழித்திருக்க வைக்கும் மாத்திரைகள் சில குறிப்பிட்ட தூக்க நோய்களுக்காக, பரிசோதித்த பிறகு மருத்துவர் எழுதித் தருபவை. ராத்திரி வண்டி ஓட்டுவதற்காக அதை நான் யாருக்கும் எழுதித் தரமாட்டேன். தயவுசெய்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டும் வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும்தான். உடல் பருமன், பலத்த குறட்டை, நின்று நின்று வரும் மூச்சு மூன்றும் சேர்ந்திருந்தால் 'ஸ்லீப் ஆப்னியா' இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். தூங்கும்போது தொண்டைப் பகுதி தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை உங்களைப் பாதி எழுப்பி மூச்சுவிட வைக்கும். ஒரு ராத்திரியில் இது பல தடவை நடந்தாலும் காலையில் உங்களுக்கு நினைவிருக்காது. 8 மணி நேரம் படுத்திருந்தும் தூங்கிய பலன் கிடைக்காது. பகலில் மீட்டிங்கில், டிவி முன்னால், சிக்னலில் நிற்கும்போது கண் சொக்குகிறதா? அப்படியானால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. பரிசோதனை முடியும்வரை இரவில் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். பகலில் சொக்கினால் பகலிலும் நீங்கள் ஓட்டக்கூடாது.

இந்த நோயே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் திட்டம் ஆபத்தானது. வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணியோடு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல் மந்தமாகிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே நீங்கள் அந்த நிலையில் ஓட்டப்போகிறீர்கள். விராலிமலை, துவரங்குறிச்சி பக்கம் போகும்போது மணி 3 ஆகியிருக்கும். 2 மணியிலிருந்து 6 மணிவரை உடல் கடிகாரம் தூக்கத்துக்குத் தள்ளும் நேரம். அப்போது கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் தூங்கிவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி என்பது 110 மீட்டர் தூரம். போன தடவை ஓரக் கோட்டைத் தாண்டியது இப்படித்தான் இருக்கும்.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடைசியாகக் கடந்த ஊர் எது என்று நினைவில்லை என்றாலோ வண்டியை நிறுத்த வேண்டும். ஹைவே ஓரத்தில் நிறுத்தக்கூடாது. பெட்ரோல் பங்க், ஓட்டல் வளாகம் போன்ற இடம் பாருங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் இரண்டும் சேர்ந்து உதவும். இதுவும் தற்காலிகம்தான்.

கொடை செவ்வாய்க்கிழமைதானே? வெள்ளி இரவு நன்றாகத் தூங்கிவிட்டு சனி விடிகாலை 5 மணிக்குக் கிளம்புங்கள். இந்த முறை ஓட்டுவதற்கு நம்பகமான டிரைவரையோ, நன்றாக ஓட்டத் தெரிந்த உறவினரையோ அழைத்துக்கொள்வதுதான் என் விருப்பம். யார் ஓட்டினாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 முதல் 4 மணிவரையும் கண் அசரும். மேலூர், மதுரைப் பக்கம் போகும் நேரம் அது. சாப்பாட்டை அளவோடு வைத்து, அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள். முடிந்தால் திருச்சியில் ஓர் இரவு தங்கிப் போங்கள்.

பகல் பயணம் அப்பாவுக்கும் நல்லது. ராத்திரி இன்சுலினை முழு அளவு போட்டுக்கொண்டு, பயணம்தானே என்று இரண்டு இட்லியோடு நிறுத்திவிடும் பெரியவர்கள் அதிகம். நடுராத்திரி சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், குழறல் எதுவும் இருட்டுக் காரில் தெரியாது. அசந்து தூங்குகிறார் என்றே நினைப்பீர்கள். காலை ஊசியை வீட்டில் 5 மணிக்குப் போட்டுவிடாதீர்கள். விழுப்புரம் பக்கம் டிபன் நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு போடுங்கள். குளுக்கோமீட்டர் கையில் இருக்கட்டும். 70-க்குக் கீழே போனால் 3 ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழையுங்கள். சாப்பிட இறங்கும்போது இன்சுலின் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அது கெட்டுவிடும். ஐஸ் மேல் நேரடியாக வைத்து உறைந்துபோனாலும் பயன்படாது.

பாத்ரூம் போகவேண்டுமே என்று அப்பா தண்ணீர் குடிக்காமலே வருவார். நீர் மாத்திரையும் சேர்ந்தால் தலைசுற்றி விழக்கூடும். மாத்திரையை அன்று எப்போது போடுவது என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நிற்குமிடமெல்லாம் 5 நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். மணிக்கணக்காகக் காலைத் தொங்கவிட்டால் ரத்தம் உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108தான்.

மகளுக்கு எளிய வழிகள் போதும். போனைக் கொடுக்காதீர்கள், முன்னால் சாலையைப் பார்க்க விடுங்கள், வயிற்றுக்கு லேசாக இட்லி கொடுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் குழந்தை மருத்துவரிடம் அளவு கேட்டு, கிளம்பும் முன்பே கொடுங்கள். அந்த மாத்திரையையும் சளி மாத்திரையையும் ஓட்டுபவர் போடக்கூடாது, தூக்கம் வரும். பின் சீட்டில் எல்லோருக்கும் பெல்ட் கட்டாயம். மடியில் படுக்கவைத்துக்கொண்டு போவது பாதுகாப்பில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆப்னியா என்று உறுதியானால் எடைக் குறைப்பும், இரவில் முகத்தில் மாட்டிக்கொள்ளும் 'சிபாப்' கருவியும் நல்ல பலன் தரும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் தூங்கும்போது நடப்பதை நேரில் பார்த்தவர் அவர்தான்; அதற்குமுன் ஒருநாள் அதை செல்போனில் வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், டாக்டருக்கு உதவியாக இருக்கும்.